பெரிய ட்ரம்முக்குள் போன சாவி

காக்காபேரி ஜெயராகம் பேண்டு குழுவில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து அறிவு ஒன்றுதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். ஐந்து பேருக்கும் தனித்தனியாகத்தான் இருந்தது. ஆனால் பேண்டுக்காரர்கள் எதையும் சேர்ந்தே செய்து பழகியவர்கள். ஒருவர் தப்பாக ஊதினால் மற்ற நால்வரும் அதே தப்பை அதே இடத்தில் செய்துவிட வேண்டும். அப்போதுதான் கேட்கிறவனுக்கு அது தப்பு என்று தெரியாது. மாஸ்டர் சிங்கராயர் இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. குழுவுக்கு இருந்த ஒரே சட்டமும் இதுதான்.

சிங்கராயர் ட்ரம்பெட் ஊதுவார். லாசர் வயிற்றில் பெரிய ட்ரம் தொங்கும். சின்ன ட்ரம் சுடலையாண்டி, கிளாரினெட் இருதயம். ஜால்ரா பிச்சைக்கனிக்கு. கையில் வேலை குறைவு என்பதால் குழுவுக்காக யோசிக்கிற பொறுப்பும் பிச்சைக்கனிக்குத்தான்.

குழுவுக்கு மெயில் உண்டு, பேஸ்புக் பக்கம் உண்டு. அவற்றின் பாஸ்வேர்டுகளைப் பெரிய ட்ரம்மின் முகத்தில், குழுவின் பெயருக்குக் கீழே, சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கே போனாலும் ட்ரம் கூடவே வரும், மறந்துவிட்டு வர முடியாது என்பது பிச்சைக்கனியின் யோசனை. யோசனையில் ஒரு குறையும் இல்லை. கல்யாண ஊர்வலத்தில் ட்ரம்முக்கு எதிரே ஆடிக்கொண்டு வந்த இளவட்டங்களுக்குப் படிக்கத் தெரிந்திருந்ததுதான் குறை.

ஒரு நாள் பேஸ்புக்கில் குழுவின் படத்துக்குப் பதிலாக ஒரு கழுதை நின்றது. மூன்று நாள் நின்றது. சிங்கராயருக்கு விஷயத்தைச் சொன்னது அவருடைய மச்சினன் கிறிஸ்துதாஸ்தான். போன் போட்டு, “அத்தான், கழுதைக்கு உங்களைவிட லைக்கு கூட விழுந்திருக்கு, அதையே வெச்சிருங்க” என்றான்.

இந்த மச்சினனைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. வீட்டில் ஞானஸ்நானமோ, சடங்கோ, துக்கமோ, எது நடந்தாலும் கிறிஸ்துதாஸ் ஒரே வாக்கியத்தைச் சொல்வான்: “எங்க அத்தான் பேண்டு தெருமுக்கு திரும்பாது. முக்கு வந்தா மூச்சு முட்டிரும்.” கூட்டம் சிரிக்கும். சிங்கராயரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு மனைவி ரோசம்மாவின் முகத்தைப் பார்த்தால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் அவர் மாவட்டக் கலைவிழாவுக்கு மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். மாவட்டத் தலைநகரில் பெரிய மேடை, எண்ணூறு நாற்காலி. அந்த மேடையில் ஒரு தடவை ஏறிவிட்டால் மச்சினன் வாய் அடைபடும். விண்ணப்பத்துக்குப் பதில் மெயிலில்தான் வரும். மெயில் கழுதைக்காரன் கையில் போய்விடக் கூடாதே என்ற பயத்தில், ஐந்து பேரும் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மரகதவல்லியிடம் போனார்கள்.

“அண்ணாச்சி, முதல்ல அந்த ட்ரம்மைக் கழுவுங்க” என்றாள் மரகதவல்லி. “பாஸ்வேர்டு எல்லாத்தையும் போட்டுப் பூட்டி வைக்கதுக்குன்னே ஆப் இருக்கு. பெட்டி மாதிரி. இதுல எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க.” திரையில் இரண்டு பெட்டிகளைக் காட்டினாள்.

பிச்சைக்கனி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “முதல் பெட்டியில எத்தன பேரு தாயி இருக்காவ?”

“ஒரு கோடிப் பேரு.”

“ரெண்டாவதுல?”

“முந்நூறு பேரு இருப்பாவ. அது வேண்டாம் அண்ணாச்சி.”

“அதுதான் வேணும். கோடிப் பேரு ஏறின வண்டியில நமக்கு எங்கன இடம் இருக்கும்? காக்காபேரியில இருந்து நின்னுக்கிட்டே போக முடியுமா? இதுல தாராளமா உக்காரலாம்.”

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். லாசர் மட்டும் திரையில் விரலை வைத்தார். “இதுல நட்சத்திரம் நாலரைதானே போட்டுருக்கு. நாம அஞ்சு பேரு. யாருக்கு அரை?”

பேச்சு முற்றியது. கடைசியில் லாசரே, “எனக்கு அரை போதும். இப்பம் ராத்திரி சோத்தையும் குறைச்சிட்டேன்” என்று விட்டுக்கொடுத்தார். அவருடைய பெரிய மனசை நால்வரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே மரகதவல்லி கோடிப் பேர் இருந்த பெட்டியை நான்கு போன்களிலும் ஏற்றி முடித்துவிட்டாள். “உங்களுக்குத் தனி ரூம் ஒதுக்கிருக்காவ” என்று சொன்ன பிறகுதான் பிச்சைக்கனி சமாதானமானார்.

ஐந்தாவது போன் இருதயத்தினுடையது. பட்டன் போன். அதில் பெட்டி ஏறாது என்றாள். இருதயத்தின் முகம் சுண்டிப் போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கராயர் பட்டன் போனைத் தன் போனோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தார். பழுத்த வாழைப்பழத்தோடு காயை வைத்தால் காயும் பழுக்கத்தானே செய்கிறது.

மரகதவல்லி அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். “நல்லா கேட்டுக்கிடுங்க. பெட்டியைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு. நீளமா இருக்கணும். எங்கயும் எழுதக் கூடாது, ஒருத்தருகிட்டயும் சொல்லக் கூடாது. அப்பப்ப மாத்திக்கிடணும். மெயில் பாஸ்வேர்டை நான் இப்பமே மாத்திட்டேன், இருபது எழுத்து, அது பெட்டிக்கு மட்டுந்தான் தெரியும். எல்லா போனும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பு. ஒரு போன்ல என்ன செஞ்சாலும் மத்த போன்லயும் அதே ஆயிரும். கடைசியா, இந்தக் காயிதம். இது அவசரச் சாவி. பாஸ்வேர்டு மறந்து போச்சுன்னா இதுல உள்ள நம்பர்தான் கதி. யார் கையிலயும் சிக்காத இடத்துல வைங்க.”

“ஒருத்தருகிட்டயும் சொல்லக் கூடாது” என்பதில் சிக்கல் வந்தது.

“நான் ஒரு பாஸ்வேர்டு வெச்சா உங்க நாலு பேருகிட்டயும் சொல்லணும்லா?” என்றார் சிங்கராயர். “நீங்க ஒவ்வொருத்தரும் ஒருத்தருதானே?”

“ஆளுக்கு ஒரு வார்த்தை வைப்போம்” என்றார் பிச்சைக்கனி. “அவனவன் வார்த்தை அவனவனுக்கு. அடுத்தவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. அஞ்சும் சேந்தா ஒண்ணு. நீளமும் ஆச்சு.”

அப்படியே செய்தார்கள். ஊர்வல வரிசைப்படி ஒவ்வொருவராகப் போனை வாங்கி, தன் வார்த்தையை ஒற்றை விரலால் அடிக்க, மற்ற நால்வரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். உறுதிக்காக இரண்டாம் முறை கேட்டபோது மறுபடியும் அதே வரிசை, அதே சுவர். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பெட்டி பூட்டிக்கொண்டது. தினமும் இந்தக் கூத்து வேண்டாமென்று மரகதவல்லி சிங்கராயரின் விரல்ரேகையை நான்கு போனிலும் பதிந்து கொடுத்தாள்.

இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சிங்கராயர் விரலை வைத்து மெயிலைத் திறந்தார். ஜெயராகம் குழு தேர்வாகிவிட்டது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேடை. இணைத்திருக்கும் கடிதத்தை அச்செடுத்துக் கொண்டு வராத குழுவுக்கு அனுமதி இல்லை.

சிங்கராயர் அந்த மெயிலை ஏழு தடவை படித்தார். ரோசம்மா உடனே தம்பிக்குப் போன் போட்டாள். “நீ வாரியோ இல்லையோ, உன் வீட்டுச் சனம் பூராவும் வரணும்” என்றாள். கிறிஸ்துதாஸ் வேன் பிடித்துப் பதினெட்டுப் பேரோடு வருவதாகச் சொன்னான். அத்தான் மூச்சு முட்டுவதை மாவட்டமே பார்க்கப் போகிறது என்றால் சும்மாவா?

சனிக்கிழமை காலையில் ஒத்திகை. முடித்துவிட்டு மரகதவல்லியிடம் போய்க் கடிதத்தை அச்செடுப்பதாக ஏற்பாடு. ஒத்திகைக்கு நடுவே சுடலையாண்டி தண்ணீர் குடிக்க வாளியில் குனிந்தார். சட்டைப்பையில் இருந்த போன் வாளிக்குள் விழுந்தது.

எடுத்துத் துடைத்தார்கள். திரை கருத்துவிட்டது. யாரும் பதறவில்லை. மற்ற போன்களை எடுத்துப் பாயில் வரிசையாக வைத்து, சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கால் மணி நேரம் ஆனது.

“என்ன மாஸ்டர், ஒண்ணும் நனையலையே” என்றார் லாசர்.

“மரகதவல்லி என்ன சொல்லிச்சு? ஒரு போன்ல ஆனது மத்ததுலயும் ஆகும்னு சொல்லிச்சா இல்லையா?” என்றார் சிங்கராயர்.

“சொல்லிச்சு.”

பிச்சைக்கனி ஜால்ராவைக் கீழே வைத்தார். முக்கியமான விஷயங்களுக்கு மட்டுமே அவர் ஜால்ராவைக் கீழே வைப்பார். “தொடர்பு அந்து போச்சு. ஒண்ணு நனைஞ்சு கெடக்கு, மூணு காஞ்சு கெடக்கு. பெட்டி எதை நம்பும்? நனைஞ்சதையா, காஞ்சதையா? கொழம்பிப் போயி மெயிலைத் தராம பூட்டிக்கிட்டா நாளைக்கு எப்பிடி மேடை ஏறுவிய?”

வேனும் பதினெட்டுப் பேரும் சிங்கராயரின் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். அவர் இருபது வருஷத்துப் பாடத்தை நினைத்துக்கொண்டார். ஒருத்தன் பிசகினால் எல்லோரும் பிசக வேண்டும். அப்போதுதான் பிசகு தெரியாது.

“எல்லாரும் போனைக் கையில எடுங்கலே. தாளம் தப்பக் கூடாது. நான் மூணு சொன்னதும் போடணும். ஒண்ணு... ரெண்டு... மூணு!”

நான்கு போன்களும் ஒரே நேரத்தில் வாளிக்குள் இறங்கின. இருதயத்தின் பட்டன் போனில் பெட்டியே கிடையாது; ஆனாலும் ஒற்றுமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? எடுத்துப் பாயில் பரப்பியபோது ஐந்து திரையும் ஒரே கருப்பாக இருந்தன. ஒரு புள்ளி வித்தியாசமில்லை.

“இப்பம்தான் ஒத்துப் போச்சு” என்றார் பிச்சைக்கனி. ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

“சரி, கடிதத்தை எந்தப் போன்ல இருந்து எடுக்கணும்?” என்று கேட்டார் சிங்கராயர். ஐந்து போன்களையும் துண்டில் கட்டிக்கொண்டு மரகதவல்லியின் கடைக்கு ஓடினார்கள்.

மரகதவல்லி ஐந்து போன்களையும் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். மெயிலுக்குக் கொடுத்திருந்த போன் நம்பருக்கு ஒரு எண் வரவழைத்துத் திறக்கலாமா என்று கேட்டாள். அந்த நம்பர் குழுவில் முன்பு கிளாரினெட் ஊதிவிட்டு, புத்தி வந்து குவைத்துக்குப் போய்விட்ட ஒருவருடையது. அவர் இவர்கள் நம்பரையெல்லாம் தடுத்து வைத்திருந்தார்.

“போகட்டும். பெட்டி என் கம்ப்யூட்டர்லயும் திறக்கும். உங்க அஞ்சு வார்த்தையை அடிங்க.”

வரிசை கட்டினார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். நான்கு பேர் அடித்து முடித்தார்கள். இருதயம் மட்டும் கீபோர்டுக்கு மேலே விரலை நீட்டிக்கொண்டே நின்றார்.

“என்னலே, மறந்துட்டியா?” என்றார் சிங்கராயர்.

“மறக்கலையே. இந்த வாரத்து வார்த்தை நல்லா ஞாபகம் இருக்கு.”

“இந்த வாரத்து வார்த்தையா?”

“அப்பப்ப மாத்தணும்னு அந்தத் தாயி சொல்லிச்சுல்லா? நீங்கள்லாம் மாத்தலையா? நான் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை தவறாம மாத்திக்கிட்டு வாரேன். மனசுக்குள்ள.”

“பழைய வார்த்தை என்னது?”

“அதை ஞாபகம் வெச்சிருந்தா மாத்தி என்ன புண்ணியம் மாஸ்டர்?”

சிங்கராயர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. மரகதவல்லிக்கே மனசு இளகிவிட்டது. “அழாதீங்க அண்ணாச்சி. அந்த அவசரச் சாவி இருக்குல்லா? காயிதத்தை எங்க வெச்சிய?”

“யார் கையிலயும் சிக்காத இடத்துல.”

“எங்க?”

“பெரிய ட்ரம்முக்குள்ள. தோல் மாத்தையில இடது பக்கமா உள்ள போட்டு, மேல தோலை இழுத்து, இரவல் ஸ்பானர் வாங்கி முறுக்கிட்டோம்.”

ட்ரம்மைத் தூக்கி வந்து கடை நடுவில் வைத்தார்கள். லாசர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக அதைச் சுமந்து அவர் வயிறே அதற்கு ஏற்ற வளைவில் இருந்தது.

“தோலைக் கிழிச்சா அடிக்க முடியாது மாஸ்டர்.”

“கிழிக்கலைன்னா உள்ளேயே விட மாட்டாவ.”

“உள்ள விட்டு அடிக்க முடியாம நிக்கதா, அடிக்க முடிஞ்சு வெளிய நிக்கதா?” என்று பிச்சைக்கனி கேள்வியை ஒழுங்குபடுத்தினார். ஜால்ரா கீழேதான் இருந்தது. “உள்ள நின்னா நாற்காலியாவது கெடைக்கும்.”

லாசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிங்கராயர் கத்தியை எடுத்து வலது பக்கத் தோலைக் கிழித்தார். உள்ளே காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. கையை விட்டு எடுக்கப் போனவரைப் பிச்சைக்கனி பிடித்து நிறுத்தினார்.

“நில்லும் வே. போட்டது இடது பக்கமா. வலது பக்கமா எப்பிடி வரும்?”

நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. ட்ரம்மைப் புரட்டி இடது பக்கத்தையும் கிழித்தார்கள். காகிதம் வந்தது.

உள் அறையில் தாள் எடுக்கப் போயிருந்த மரகதவல்லி திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “ஏன் அண்ணாச்சி, சுத்தி வர திருகுதானே இருக்கு? திருகைக் கழட்டித் தோலை எடுத்திருக்கலாமே?”

“கழட்டலாம் தாயி. திருகு கழட்டுற எங்க ஸ்பானரும் உள்ளதான் கெடந்துச்சு. பத்திரமா இருக்கட்டும்னு.”

மரகதவல்லி காகிதத்தை வாங்கினாள். நம்பரை அடித்தாள், பெட்டி திறந்தது, மெயில் திறந்தது. கடிதம் சூடாக வெளியே வந்தபோது சிங்கராயர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழைய சாவி இனிமேல் செல்லாது என்று புதிதாக ஒன்றை அச்செடுத்து, நனைந்தாலும் கெடாதபடி லேமினேட் செய்து கையில் கொடுத்தாள். ட்ரம்மைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு பக்கத்தை ஒட்டிக்கொள்ளட்டும் என்று லேமினேட் செய்த கடை விளம்பரம் ஒன்றையும் கொடுத்தாள். மறுபக்கத்துக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

வேறு ஏதாவது ஒன்று அவர்கள் கையிலேயே இருந்தது. சாவி ட்ரம்மில் இருக்க வேண்டியது. ட்ரம்முக்கு ஓர் ஒட்டு வேண்டியிருந்தது. இரண்டு காரியத்தையும் சைக்கிள் ட்யூப் ஒட்டுகிற பசையால் ஒன்றாக முடித்தார்கள்.

ஞாயிறு பத்து மணி. எண்ணூறு நாற்காலியும் நிறைந்திருந்தது. இரண்டாவது வரிசையில் கிறிஸ்துதாஸ், அவனைச் சுற்றிப் பதினெட்டுப் பேர், ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு ரோசம்மா. கடிதத்தைக் காட்டியதும் வாசலில் விட்டுவிட்டார்கள். ஐந்து பேரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். சிங்கராயர் ட்ரம்பெட்டை வாயில் வைத்தார்.

“மாஸ்டர்” என்று லாசர் கிசுகிசுத்தார். அவர் அப்போதுதான் தன் ட்ரம்மின் முகத்தைக் குனிந்து பார்த்திருந்தார். “இதுல பெருசா ‘அவசரச் சாவி, யாருக்கும் காட்ட வேண்டாம்’னு போட்டுருக்கே.”

சிங்கராயர் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார். எதிரே எண்ணூறு பேர். “ஒரு அடி அடி, உடனே கையால மூடு. அடி, மூடு” என்றார்.

லாசர் டொம் என்று ஓர் அடி அடித்து உள்ளங்கையால் காகிதத்தை மூடினார். சத்தம் பாதியில் செத்தது. அது பிசகு. ஒருவர் பிசகினால் மற்ற நால்வரும் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிங்கராயர் ஊதிவிட்டு ட்ரம்பெட்டின் வாயை மூடினார். இருதயம் கிளாரினெட்டை மூடினார். சுடலையாண்டி சின்ன ட்ரம்மை மூடினார். பிச்சைக்கனி ஜால்ராவைத் தட்டித் தட்டி மார்போடு அணைத்துக்கொண்டார். டொம் என்று எழும்பி, டக்கென்று அடங்கி, மறுபடி எழும்பும் ஒரு தாளம் பிறந்தது. அந்த மாவட்டத்தில் அதற்கு முன் யாரும் அதைக் கேட்டதில்லை.

முதலில் ஒரு கால் ஆடியது. பிறகு ஒரு வரிசை ஆடியது. கடைசியில் எண்ணூறு பேரும் எழுந்து நின்று, இவர்களைப் பார்த்து, ஒரு தட்டு தட்டி வாயைப் பொத்தினார்கள். மேடைக்கு ஓடி வந்த கிறிஸ்துதாஸுக்குக் கண் கலங்கியிருந்தது. “அத்தான், முக்கு திரும்பிட்டிய அத்தான்!” என்றான். ரோசம்மா சிரித்துக்கொண்டே அழுவதைச் சிங்கராயர் மேடையிலிருந்தே பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் ஐந்து போனைக்கூட அவர் வாளியில் போட்டிருப்பார்.

விழா அதிகாரி மைக்கோடு மேடைக்கு வந்தார். “புது பாணி, அபாரம்! அடுத்த வருஷமும் நீங்கதான் வர்றீங்க. ஒரு அனுமதி எண் இருக்கு, அதை உங்க மெயிலுக்கே அனுப்பிடுறோம்.”

மெயில் என்றதும் ஐந்து பேர் முகமும் வெளிறிப் போனது. சிங்கராயர் லாசரைப் பிடித்து ட்ரம்மோடு முன்னால் தள்ளினார்.

“மெயில் வேண்டாம் சார். இதுலயே எழுதிருங்க. பத்திரமான இடம்.”

அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். அப்போதுதான் சிங்கராயருக்கு மரகதவல்லி ‘ஒருத்தருகிட்டயும் சொல்லக் கூடாது’ என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவசரமாக மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“சார் எழுதி முடிக்க வரைக்கும், எண்ணூறு பேரும் தயவுசெஞ்சு கொஞ்சம் திரும்பி நில்லுங்க!”

நின்றார்கள். முதலில் திரும்பியது மச்சினன்தான்.